கார் பார்க்கும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல், டீசல் காரை விட்டு மின்சாரக் காருக்கோ, எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டுக்கோ மாற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களும் அந்த எண்ணையே கொட்டை எழுத்தில் போடுகின்றன. சார்ஜர் வயரிங்கிலும் மின்வாகனப் பழுதுபார்ப்பிலும் இருக்கும் எங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. கார் ராத்திரி எங்கே நிற்கும், அங்கே நல்ல எர்த்துடன் ஒரு பாயின்ட் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. முழு மின்சாரமா, ஹைபிரிட்டா, இப்போதைக்கு இரண்டும் வேண்டாமா என்ற முடிவில் பாதி அந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர அளவு மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் செலவழிக்கும். தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் 6 யூனிட். வீட்டுக்கு வரும் ஏசி (மாறுமின்சாரம்) மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக (நேர்மின்சாரம்) மாற்றும்போதும் பேட்டரிக்குள் ஏறும்போதும் 10 முதல் 15 சதவீதம் வெப்பமாகப் போய்விடும் என்பதால் மீட்டரில் 7 யூனிட் ஓடும். காருடன் வரும் கையடக்க சார்ஜர் 10 ஆம்பியர் இழுத்தால், 230 வோல்ட்டில் அது 2.3 கிலோவாட். மூன்று மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்ப ஏறிவிடும். தினசரி ஓட்டம் இவ்வளவுதான் என்றால் சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் தேவையே இல்லை. சரியாகப் போட்ட ஒரு பவர் பாயின்ட் போதும்.

ஆனால் 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும் என்றால் அதே பாயின்ட்டில் பதினொன்றரை மணி நேரம் பிடிக்கும். 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் சார்ஜரில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு இந்தப் பெரிய சார்ஜர் தேவைப்படும். அதை வாங்கும் முன் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியை டிசியாக மாற்றுவது அதுதான். சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச். காருக்கு எவ்வளவு ஆம்பியர் எடுக்கலாம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஆன்போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் 22 கிலோவாட் த்ரீ ஃபேஸ் பெட்டியில் செருகினாலும் 3.3தான் ஏறும். இதைக் கவனிக்காமல் த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு அலைந்து செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

இனி அந்தப் பாயின்ட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பவர் பாயின்ட் என்றதும் எல்லோரும் மோட்டார், கீஸர், இஸ்திரிப் பெட்டி நினைப்பில்தான் இருக்கிறோம். அவை கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், இல்லையேல் விட்டுவிட்டு ஓடும். கார் அப்படியில்லை. எட்டு மணி, பத்து மணி நேரம் ஒரே கரன்ட்டை இடைவிடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குப் பின்னால் வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்து, அந்த இடத்தில் ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 16 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட் வெப்பம் உண்டாகும். சால்டரிங் அயர்ன் ஒன்று ஏறக்குறைய அந்த அளவுதான். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி ராத்திரி முழுக்க எரிய விட்டால் என்ன ஆகும்? முதலில் சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சள் நிறம் படரும், பிறகு பழுப்பு, பிறகு கருகல் வாடை. பித்தளைப் பட்டை சூட்டில் இளகிப் பிடிப்பு இன்னும் குறையும், மின்தடை இன்னும் ஏறும். அளவுக்கு மேல் கரன்ட் போனால் தானாக அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் இதற்கு விழாது (ட்ரிப் ஆகாது). அதன் கணக்கில் கரன்ட் அளவோடுதான் போகிறது.

ஆகவே கார் சார்ஜுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். அதில் வேறு எதுவும் வேண்டாம், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். சாக்கெட் கனமான இண்டஸ்ட்ரியல் வகையாக இருக்கட்டும். பல இழை வயரை அப்படியே ஸ்க்ரூவுக்குள் திணிக்காமல் முனையில் லக் அல்லது ஃபெரூல் என்ற உலோகக் குப்பி போட்டு முறுக்குங்கள். முதல் வாரம் சார்ஜ் ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் பிளக்கின் மேல் பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் காரின் திரையில் போய்க் கரன்ட்டைக் குறைப்பது தற்காலிகம்தான். மெயினை அணைத்து சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கிக் கொடுப்பது எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை.

எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த ரீல் என்றால் உள் சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியின்றி இன்சுலேஷன் உருகும்.

32 ஆம்பியர் சார்ஜர் என்றால் 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரும் நாங்கள் கொள்ளும் குறைந்தபட்சம். தூரம் 25 மீட்டரைத் தாண்டினாலோ, வயர் வெயில் படும் குழாயில் போனாலோ 10 ஸ்கொயர் எம்.எம். போடுவது நல்லது. 4 போதாதா என்று கேட்பார்கள். 25 மீட்டர் போக வர 4 ஸ்கொயர் வயரில் 230 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும், 6 ஸ்கொயரில் 160 வாட் அளவு. மிச்சப்படுத்திய காப்பர் விலை மின்கட்டணத்தில் வட்டியோடு திரும்பி வரும்.

எர்த் விஷயத்தில் நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம். காரின் சார்ஜர், எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற்ற மறுக்கும். அது சார்ஜரின் குறை அல்ல, கட்டடத்தின் குறையைச் சொல்கிறது. அந்தச் சமயத்தில் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் சேர்த்து விளக்கைப் பச்சையாக்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே அடாப்டரும் விற்கிறார்கள். நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால் அந்த நொடியே காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். கீழே ரப்பர் டயர். மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவுக் கைப்பிடியைத் தொடும் ஆள்தான் அதற்கு வழி. விளக்கு சிவப்பாகவே இருக்கட்டும். எர்த் குழியைச் சரிசெய்த பிறகு காரைச் செருகுங்கள். ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ செருகும்போது மட்டும் அதே பிழை வந்தால், அந்த மூலத்தில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கிறது என்று பொருள். அதை ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் முறைப்படி இணைக்க வேண்டும். பிளக்கில் இணைப்பது கூடாது.

இன்னொன்று, மின்கசிவு வந்தால் லைனை அணைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. வீடுகளில் பரவலாக இருப்பது ஏசி டைப், அதாவது மாறுமின்சாரக் கசிவை மட்டும் உணர்வது. மின்வாகனத்திலிருந்து சில மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் கசிந்தால் அதன் உள்ளிருக்கும் இரும்பு வளையம் காந்தமேறி மரத்துப்போகும். பிறகு உண்மையிலேயே ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது அது விழாமல் போகலாம். ஆகவே கார் லைனுக்கு டிசி கசிவையும் உணரும் பி டைப் போடுங்கள். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவை உணரும் அமைப்பு இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஏ டைப் போதும். சார்ஜர் பெட்டியின் குறிப்பேட்டில் இது எழுதியிருக்கும். கார் லைனை வீட்டின் பழைய ஏசி டைப் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே இணைக்காதீர்கள். இணைத்தால் வீட்டுக்கே பாதுகாப்பு போய்விடும்.

சொந்தப் பாயின்ட்டுக்கு வழியே இல்லை, தெருவில்தான் வண்டி நிற்கும் என்பவர்களுக்கு என்ன சொல்வது? வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் உண்டென்றால் சமாளிக்கலாம். அதுவும் இல்லாமல் பொது இடங்களில் உள்ள வேகமான டிசி சார்ஜரை மட்டும் நம்பினால் செலவும் காத்திருப்பும் சலிப்பைத் தந்துவிடும். இவர்களுக்கு ஸ்ட்ராங் ஹைபிரிட் பொருத்தமானது. 1997இல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வந்ததிலிருந்து நிலைபெற்ற தொழில்நுட்பம் இது. பேட்டரி ஏறத்தாழ 1 யூனிட்தான், பிளக் கிடையாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினை அணைத்து மோட்டாரில் நகரும், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தைப் பேட்டரிக்குள் திருப்பிப் போடும். எஞ்சினும் வேறு ரகம். உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடி, அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரத்தை நீட்டும் அட்கின்சன் முறை அது. அதில் எரிபொருள் மிச்சம், ஆனால் கீழ் வேகத்தில் இழுவை குறைவு. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. நகர நெரிசலில்தான் இதன் லாபம் பெரிது. சீராக நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் யாரும் கவனிக்காத ஒரு சின்னத் துளை உண்டு. பல மாடல்களில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதைக் குளிர்விக்கும் விசிறி இருக்கையின் ஓரத்தில் உள்ள வலை வழியாகக் காரின் உள்காற்றை இழுக்கும். அந்த வலையில் தூசி, நூல், நாய் முடி படிந்து கம்பளம் மாதிரி அடைத்துக்கொள்ளும். மேலே ஒரு பையை வைத்து மூடிவிடுபவர்களும் உண்டு. காற்று போகாவிட்டால் நடுவில் உள்ள செல்கள் சூடேறி முதலில் கெடும். ஒன்று கெட்டால் முழுப் பேட்டரிக்கும் எச்சரிக்கை விளக்கு வரும். வலையைக் கழற்றித் தட்டி, உள்ளே விசிறியில் படிந்ததையும் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கோடையில் விசிறி சத்தம் வழக்கத்தைவிட அதிகம் கேட்டால் அதுவே முதல் அறிகுறி.

மைல்டு ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெல்ட்டில் இணைந்த சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். பொதுவாக அது தனியாகச் சக்கரத்தை ஓட்டாது.

பிளக் இன் ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தினம் செருகினால் அன்றாட ஓட்டம் முழுக்க மின்சாரத்திலேயே முடியும், ஊருக்குப் போகப் பெட்ரோல் இருக்கும். செருகாவிட்டால் பெரிய பேட்டரியைச் சுமந்து திரியும் கனமான பெட்ரோல் கார். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, சாலையில் இந்த வகைக் கார்கள் வெளிவிடும் கரியமில வாயு ஆய்வக அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என்று காட்டியது. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே சார்ஜ் செய்து ஓட்டுகிறார்கள் என்பது முக்கியக் காரணம். பிளக் பாயின்ட் இல்லாதவர் இதை வாங்குவதில் ஒரு பொருளும் இல்லை.

பேட்டரி பற்றிய அறிவுரைகளில் பாதி குழப்பம், எல்லா லித்தியம் பேட்டரியும் ஒன்று என்று நினைப்பதால் வருகிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகையை நிரம்ப ஏற்றினால் செல் 4.2 வோல்ட்டை நெருங்கும். அந்த வோல்டேஜில் வெயிலில் நாள் கணக்காக நின்றால் ஆயுள் வேகமாகக் குறையும். தினசரிக்கு 80 சதவீதம் என்று காரில் வரம்பு வையுங்கள், பயணத்தன்று மட்டும் நூறு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனப்படும் எல்.எஃப்.பி. வகை வேறு. அதன் வோல்டேஜ் நடுப்பகுதி முழுவதும் 3.2, 3.3க்குள் தட்டையாக நிற்கும். எனவே எவ்வளவு மிச்சம் என்பதை வோல்டேஜை வைத்துச் சொல்ல முடியாமல், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே கார் கணக்கு வைக்கிறது. நாளாக ஆக அந்தக் கணக்கு விலகும். 80லேயே நிறுத்திப் பழகிய எல்.எஃப்.பி. கார், திரையில் 12 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் நிற்பது இதனால்தான். வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும், செல்களும் சமநிலைக்கு வரும். உங்கள் கார் எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். மாதக் கணக்கில் நிறுத்திவிட்டுப் போவதானால் எந்த வகைக்கும் 50 சதவீத அளவு நல்லது.

பயணத்துக்கு வருவோம். பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், மின்சாரக் காருக்குக் குறையும். 80 வேகத்திலிருந்து 110க்குப் போனால் காற்று எதிர்க்கும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. நகரத்தில் கைகொடுத்த பிரேக் மீட்பும் அங்கே இல்லை. விளம்பரத்தில் 400 கிலோமீட்டர் என்றால் நெடுஞ்சாலையில் 300 என்று வையுங்கள். டிசி சார்ஜர் 80 சதவீதத்துக்கு மேல் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும், 10க்குக் கீழே இறக்குவது புத்திசாலித்தனமும் இல்லை. மிச்சம் 70 சதவீதம், அதாவது 210 கிலோமீட்டர். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான உண்மையான தூரம் அதுதான். 80க்கு மேல் நூறாக்கக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சார்ஜரை நோக்கிப் பாதி வழி போய்விடலாம். பின்னால் காத்திருப்பவருக்கும் இடம் கிடைக்கும்.

பராமரிப்பு குறைவு என்பது உண்மை, ஒன்றுமே இல்லை என்பது பொய். எங்களிடம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் மின்சாரக் கார்களில் குற்றவாளி பெரும்பாலும் பழைய 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற ஸ்விட்ச்சை மூடுவதற்கே அந்த 12 வோல்ட் வேண்டும். அது செத்துவிட்டால் பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தும் கார் அசையாது. மூன்று, நான்கு ஆண்டு ஆனதும் சோதிக்கச் சொல்லுங்கள். மோட்டாரே பிரேக் வேலையில் பெரும்பகுதியைச் செய்வதால் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடு காலிப்பரில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை காலியான சாலையில், முடிந்தால் நியூட்ரலில் போட்டு, நான்கைந்து தடவை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: நூறு சதவீதம் ஏற்றிய காரில் மின்சாரத்தைத் திருப்பிப் போட இடமில்லாததால் பிரேக் மீட்பு வேலை செய்யாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்று பழகிய வண்டி மலை இறக்கத்தில் அன்று மட்டும் உருண்டுகொண்டே போகும். மலைமேல் தங்குபவர்கள் நூறுக்கு ஏற்றாமல் கிளம்புவது நல்லது.

ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளை யாரும் தொடக் கூடாது. அதில் ஓடுவது 400 வோல்ட், சில கார்களில் 800. கார் பழுதானால் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் செய்யும், காருக்குள் மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் கெட்டுவிடும். ஃபிளாட்பெட் லாரியில் நான்கு சக்கரமும் ஏற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார் காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரிப் பெட்டிகள் பொதுவாக ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்படுபவை. இரவு முழுக்க மூழ்கிக் கிடப்பது அந்தக் கணக்கில் வராது. கடல்நீர் புகுந்த பேட்டரி சில நாள், சில வாரம் கழித்தும் தீப்பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடியாவது தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தி, பயிற்சி பெற்றவர்களை வரவழையுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் ஒவ்வொரு மின்சாரக் காருக்கும் ரேஞ்சு எண்ணோடு நான்கு விவரங்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட், டிசியில் 10லிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம், பேட்டரி எல்.எஃப்.பி.யா என்.எம்.சி.யா, உத்தரவாதம் எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு. ஹைபிரிட் என்றால் மைல்டா, ஸ்ட்ராங்கா, பிளக் இன்னா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். இரண்டு வரிதான் கூடுதலாகும்.

இப்படிக்கு,
மின்வாகன வயரிங், பழுதுபார்ப்பு வேலையில் உள்ளோர்